ஒர்தான்ஸின் முகம்

பிரெஞ்சு ஓவியர் பால் செசான் தம் மனைவி ஒர்தான்ஸ் ஃபிகேயை எண்ணெய் வண்ணத்தில் மட்டும் 29 முறை தீட்டியிருக்கிறார். 1870களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 1890களின் தொடக்கம்வரை அந்த வேலை நடந்தது. வாழ்நாளில் அவர் தீட்டிய உருவப்படங்கள் 200க்குச் சற்றுக் குறைவு. அவற்றில் தம்மையே தீட்டிக்கொண்டவை 26. கண்ணாடியில் தெரிந்த தம் முகத்தைவிட மனைவியின் முகத்துக்கே அவர் அதிகத் தடவை திரும்பி வந்திருக்கிறார். அந்த 29 படங்களில் ஒன்றிலும் ஒர்தான்ஸ் சிரிக்கவில்லை. கோபமாக இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. உதடுகள் மூடியிருக்கின்றன. பெரும்பாலான படங்களில் தலைமயிர் நடுவகிடெடுத்துப் பின்னால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. கண்கள் நம்மை நோக்கித் தொடங்கி, நம்மை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடுகின்றன.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் ஊரில் மட்டும் உள்ள நம்பிக்கை இல்லை. இந்தப் படங்களைப் பார்த்த ஐரோப்பியர்களும் அப்படியே நம்பினார்கள். செசானை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்த விமர்சகர் ராஜர் ஃப்ரை, ஒர்தான்ஸைக் கடுகடுப்பான மூஞ்சிக்காரி என்ற பொருளில், எழுதக் கூசும் ஒரு வசைச்சொல்லைச் சேர்த்துக் குறிப்பிட்டார். செசானின் நண்பர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை ‘லா பூல்’, அதாவது உருண்டை, என்று அழைத்தார்கள். படத்தில் முகம் இறுக்கமாக இருக்கிறது, ஆகவே மனைவி சிடுமூஞ்சி, ஆகவே இல்லறம் கசப்பு என்று வாழ்க்கை வரலாறுகள் நெடுங்காலம் எழுதப்பட்டன. மேதையின் கதையில் அவர் ஒரு முட்டுக்கட்டை ஆனார்.

இந்த வாசிப்பு தவறு என்றே நினைக்கிறேன். அந்த முகங்கள் ஒர்தான்ஸின் குணத்துக்குச் சான்று ஆகமாட்டா. ஒருவர் இன்னொருவரை எவ்வளவு தூரம் அறிய முடியும் என்ற கேள்வியைத் தூரிகையால் கேட்டுக்கொண்டே போன ஒருவரின் பதிவுகள் அவை. ஊகித்து நிரப்ப மாட்டேன் என்ற பிடிவாதம் அவற்றில் இருக்கிறது. அந்தப் பிடிவாதத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. ஒரு கொடுமையும் இருக்கிறது.

முதலில் அவர்கள் வாழ்க்கையைச் சொல்லிவிட வேண்டும். ஒர்தான்ஸ் 1850இல் ஜூரா பகுதியிலுள்ள சாலிஞே என்ற சிற்றூரில் பிறந்தவர். பாரிசில் புத்தகத் தாள்களைத் தைத்துக் கட்டும் வேலை செய்தார். ஓவியர்களுக்கு மாதிரியாகவும் அமர்ந்ததாகச் சொல்வார்கள். 1869இல் செசானைச் சந்தித்தபோது அவருக்கு 19 வயது, செசானுக்கு 30. அடுத்த ஆண்டு பிரஷ்யப் போர் வந்ததும் இருவரும் தெற்கே மார்செய் அருகிலுள்ள லெஸ்தாக் என்ற மீனவர் ஊருக்குப் போய்விட்டார்கள். 1872 ஜனவரியில் மகன் பால் பிறந்தான்.

இந்தக் குடும்பத்தை செசான் தம் தந்தையிடம் மறைத்துவைத்திருந்தார். தந்தை லூயி-ஒகுஸ்த் தொப்பி வணிகத்திலிருந்து உயர்ந்து எக்ஸ் நகரில் வங்கி நடத்தியவர். மகன் சம்பாதிக்காத ஓவியன். மாதாமாதம் தந்தை அனுப்பும் பணத்தில்தான் பிழைப்பு. 1878இல், ஓவியச் சேகரிப்பாளர் விக்தோர் ஷொக்கே செசானுக்கு எழுதிய கடிதத்தைத் தந்தை பிரித்துப் படித்துவிட்டார். அதில் ‘மதாம் செசானும் சின்ன பாலும்’ பற்றிய விசாரிப்பு இருந்தது. வீட்டில் புயல். பணத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவதாகத் தந்தை மிரட்டினார். செசான் தம் பள்ளித்தோழரான நாவலாசிரியர் எமில் சோலாவுக்கு எழுதி, மார்செயில் தங்கியிருந்த ஒர்தான்ஸுக்கு 60 ஃபிராங்க் அனுப்பச் சொன்னார், சோலா அனுப்பினார்.

அந்த மாதங்களின் கடிதங்களில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. மகனுக்கு உடல்நலமில்லை என்று கேள்விப்பட்டு செசான் எக்ஸிலிருந்து மார்செய்க்கு ரகசியமாகப் போகிறார். திரும்பும்போது ரயில் நேரம் தவறிவிடுகிறது. இரவு உணவுக்குத் தந்தையின் மேசையில் இருந்தாக வேண்டும். 30 கிலோமீட்டர் தூரத்தை நடந்தே கடந்து, ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்கிறார். அப்போது அவருக்கு வயது 39. தகப்பனுக்குப் பயந்த பிள்ளையும் பிள்ளைக்காக நடந்த தகப்பனும் ஒரே ஆளாக அந்தச் சாலையில் போயிருக்கிறார்கள். ஒர்தான்ஸ் அன்று மார்செய் அறையில் என்ன நினைத்திருப்பார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

1886 ஏப்ரலில் எக்ஸ் நகரில் திருமணம் நடந்தது. மகனுக்கு அப்போது 14 வயது. அதே ஆண்டு அக்டோபரில் தந்தை இறந்தார்; செசான் செல்வந்தரானார். ஆனால் திருமணத்துக்குப் பின் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்ததைவிடப் பிரிந்து வாழ்ந்ததே அதிகம். ஒர்தான்ஸுக்குப் பாரிஸ் பிடிக்கும், செசானுக்கு எக்ஸ். 1902இல் எழுதிய உயிலில் செசான் எல்லாவற்றையும் மகனுக்கே வைத்தார். மனைவிக்கு ஒன்றுமில்லை. இன்று நாம் ‘மதாம் செசான்’ என்ற தலைப்போடு பார்க்கும் படங்களில் பல, அவர் சட்டப்படி அந்தப் பெயரைப் பெறுவதற்கு முன்பே தீட்டப்பட்டவை என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். 1877 வாக்கில் தீட்டிய, இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள சிவப்பு நாற்காலிப் படம் அப்படிப்பட்டது.

இனி அவர் வேலை செய்த முறை. பல கேள்விகளுக்கு விடை அங்கேதான் கிடைக்கிறது. செசான் மிக மெதுவாகத் தீட்டுபவர். பழங்கள் அழுகிவிடும், பூக்கள் வாடிவிடும். அதனால் காகிதப் பூக்களை வைத்துத் தீட்டியதும் உண்டு. ஓவிய வணிகர் அம்புருவாஸ் வொல்லாரை 1899இல் தீட்டியபோது 115 அமர்வுகள் நடந்ததாக வொல்லாரே எழுதியிருக்கிறார். அமர்ந்தவர் அசைந்தால் செசானுக்குக் கோபம் வரும். ஆப்பிளைப் போல இருக்க வேண்டும் என்பார். இத்தனைக்கும் பிறகு, சட்டையின் முன்பகுதி பரவாயில்லை என்ற அளவுக்கே அவருக்குத் திருப்தி. அந்தப் படத்தில் வொல்லாரின் கையில் இரண்டு சிறு இடங்களில் வண்ணமே படவில்லை. வொல்லார் அதைச் சுட்டிக்காட்டியபோது செசான் சொன்னதன் சாரம் இது: சரியான நிறம் கிடைத்தால் பூசுவேன், எதையாவது அங்கே பூசிவிட்டால், அந்த இடத்திலிருந்து படம் முழுவதையும் மறுபடி தீட்ட வேண்டிவரும்.

தெரியாத இடத்தைத் தெரிந்ததுபோல் பூசி மறைக்க அவரால் முடியவில்லை. இதை மனைவியின் முகத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

முகபாவம் என்பது நொடியில் வந்து நொடியில் போவது. புகைப்படக் கருவி அதைப் பிடிக்கும்; கைவேகம் உள்ள ஓவியர் பிடிப்பார். அரண்மனை ஓவியர்கள் புன்னகையை நினைவிலிருந்தே வரவழைத்துப் பொருத்துவார்கள். ஆனால் ஒருவர் மணிக்கணக்கில், நாள்கணக்கில், அசையாமல் அமர்ந்திருக்கும்போது எந்தப் பாவமும் முகத்தில் நிலைக்காது. மகிழ்ச்சி வடிந்துவிடும், எரிச்சலும் வடிந்துவிடும். எல்லாம் வடிந்தபின் மிஞ்சுவதுதான் செசான் தீட்டிய முகம். அதைச் சிடுமூஞ்சி என்று சொல்பவர்கள், ஒரே நாற்காலியில் நாள்முழுக்க முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பார்த்தால் தங்கள் சொல்லைத் திரும்பப் பெறுவார்கள். மனைவியைப் பற்றி அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த பாவங்கள் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து இதுதான் ஒர்தான்ஸ் என்று ஒட்டிவிட அவர் மறுத்தார்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சிவப்பு உடைப் படம் ஒன்று இருக்கிறது. 1888க்கும் 1890க்கும் இடையில், பாரிசில் செசான் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் தீட்டியது. அதே சிவப்பு உடையில் மொத்தம் நான்கு படங்கள். மற்ற மூன்றும் சிகாகோவிலும், பாசல் அருகிலும், சாவ் பாவ்லோவிலும் உள்ளன. நியூயார்க் படத்தில்தான் அறை முழுவதும் தெரிகிறது: மஞ்சள் நாற்காலி, பூப்போட்ட கனத்த திரை, கணப்படுப்பின் ஓரம், சுவரின் குறுக்கே ஓடும் பட்டை. எதுவும் நேராக இல்லை. நாற்காலி ஒரு பக்கம் சாய்கிறது, சுவர்ப் பட்டை சரிகிறது, ஒர்தான்ஸ் உட்கார்ந்திருக்கிறாரா நழுவுகிறாரா என்று சந்தேகம் வருகிறது. கப்பல் தளத்தில் இருப்பதுபோன்ற அந்த அறையில் அசையாத ஒரே பொருள் அவருடைய முகம். கைகளில் பூவை வைத்திருக்கிறார். பிடித்திருக்கிறார் என்று சொல்ல மனம் வரவில்லை. யாரோ வைத்துக்கொள்ளச் சொன்னதால் வைத்திருக்கிறார்.

முகத்தின் இரண்டு பாதிகளும் ஒன்றுபோல் இல்லாததை இந்தப் படங்களில் திரும்பத் திரும்பக் காணலாம். ஒரு கண் பார்க்கிறது, மற்றது பார்ப்பதை நிறுத்திவிட்டது. விசிறியோடு அமர்ந்திருக்கும் படம் இதற்குச் சிறந்த உதாரணம். அது இப்போது ஜூரிக்கில் உள்ள பியூர்லே சேகரிப்பைச் சேர்ந்தது. 1870களின் இறுதி வாக்கில் தொடங்கிய அந்தத் துணியை, பல ஆண்டுகள் கழித்து 1880களின் பிற்பகுதியில் செசான் மறுபடி எடுத்து வேலை செய்தார். ஆகவே ஒரே முகத்தில் இரண்டு வயதுகள் இருக்கின்றன. ரகசியக் காதலியாக அமர்ந்த பெண்ணின்மேல் நடுவயதை எட்டிக்கொண்டிருந்த பெண்ணைத் தீட்டியிருக்கிறார். எந்த நாளின் ஒர்தான்ஸ் என்று கேட்டால் அந்தப் படத்தில் பதில் இல்லை. மனைவியைப் பார்க்கும் கணவன் எவனும் இன்றைய முகத்தை மட்டும் பார்ப்பதில்லை, பழைய முகங்களையும் சேர்த்தே பார்க்கிறான் என்பதால், எனக்கு இதுவே அவருடைய படங்களில் மிக நேர்மையானதாகப் படுகிறது. இந்தப் படத்தை வாங்கித் தம் பாரிஸ் வீட்டுச் சுவரில் மாட்டியவர்கள் எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனும் அவர் அண்ணன் லியோவும். மூன்று பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் தம் முதல் நூலை அதன்கீழ் அமர்ந்து எழுதியதாக கெர்ட்ரூட் பின்னாளில் சொன்னார்.

செசான் 1906 அக்டோபரில் இறந்தார். மறு ஆண்டு பாரிசில் நடந்த நினைவுக் கண்காட்சிக்குக் கவிஞர் ரில்கே ஏறத்தாழ நாள்தோறும் போய்வந்தார். பார்த்ததை எல்லாம் தம் மனைவி கிளாராவுக்குக் கடிதங்களாக எழுதினார். கிளாரா சிற்பி, இருவரும் பிரிந்து வாழ்ந்த காலம் அது. அந்தக் கடிதங்களில் ஒன்று பாஸ்டன் படத்தைப் பற்றியது. நாற்காலியின் சிவப்பு, கோடு போட்ட பாவாடையின் மஞ்சள் பச்சை, சுவர்த்தாளின் நீலக் குறிகள் என்று ஒவ்வொரு நிறமும் மற்றவற்றை அறிந்திருப்பதை அவர் வியக்கிறார். அமர்ந்திருக்கும் பெண் யார், என்ன நினைக்கிறாள் என்று அவர் கேட்கவே இல்லை. மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இன்னொருவர் மனைவியை நிறங்களின் கூட்டமாக மட்டும் பார்த்திருக்கிறார். ஆனாலும் அந்தக் கடிதங்களில் ரில்கே சொன்ன வேறொன்று எனக்கு உதவியது: செசான் ஒரு பொருளின்மேல் கொண்ட அன்பைக் காட்டிக்கொள்வதில்லை, தீட்டும் வேலைக்குள்ளேயே அதைச் செலவழித்துவிடுகிறார் என்பது. இந்த அன்பு, நேசிக்கிறேன் என்று படத்தில் எழுதிவைப்பதில்லை. இதோ இருக்கிறாள் என்பதோடு நின்றுகொள்கிறது.

அன்பு இருந்ததா என்று சந்தேகப்படுபவர்கள் பென்சில் படங்களைப் பார்க்க வேண்டும். குறிப்பேடுகளின் பக்கங்களில் ஒர்தான்ஸ் தைக்கிறார், தூங்குகிறார், தலையணையில் சாய்ந்து கண் திறந்து பார்க்கிறார். ஒரு தாளில் அவர் தலைக்குப் பக்கத்தில், பிரெஞ்சில் அவர் பெயரை ஒட்டிய பெயர் கொண்ட ஹைட்ரேஞ்சியா பூங்கொத்தை நீர்வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். அந்தத் தாள்களில் கோடு மென்மையாக இருக்கிறது, முகம் தளர்ந்திருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள எண்ணெய் ஓவியம் ஒன்றிலும் கூந்தல் அவிழ்ந்து தோளில் விழ, தலையைச் சற்றுச் சாய்த்து இருக்கிறார். ஆக, செசானுக்கு மென்மையாக வரையத் தெரியும். தூங்குபவரைப் பார்ப்பது சுலபம், தூங்குபவர் திரும்பிப் பார்ப்பதில்லை. எதிரே விழித்திருந்து தன்னைப் பார்க்கும் பெண்ணைத் தீட்டும்போதுதான் அவர் கை தயங்கியிருக்கிறது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மனைவியை ஆப்பிளாக்குவது மரியாதையா? செசானுக்கு அந்நியப் பெண்கள் முன் கூச்சம், இவ்வளவு மெதுவாகத் தீட்டுபவருக்கு, கூலி கேட்காமல் எழுந்து போகாமல் உட்கார ஆள் தேவை, மனைவி அகப்பட்டார். ஒர்தான்ஸ் செய்தது உழைப்பு, அதற்குக் கூலியும் இல்லை பெயரும் இல்லை. பின்னால் வந்தவர்கள் இதை இன்னும் மோசமாக்கினார்கள். 1943இல் எர்ல் லோரன் என்ற அமெரிக்கர் தம் நூலில், ஒர்தான்ஸின் உருவத்தைக் கோடுகளும் அம்புக்குறிகளும் கொண்ட வரைபடமாக்கி செசானின் அமைப்பு முறையை விளக்கினார். 1962இல் ராய் லிக்டன்ஸ்டைன் அந்த வரைபடத்தையே பெரிதாக்கி ‘மதாம் செசானின் உருவப்படம்’ என்று காட்சிக்கு வைத்தார். ஒரு பெண், ஏ, பி, சி என்று எழுத்திட்ட கோணங்களாக முடிந்தார்.

இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதற்காக எதிர்த்திசையில் போனவர்கள் மனைவியை மேலும் நன்றாக அறிந்துவிட்டார்களா என்று பார்த்தால் அப்படியும் தெரியவில்லை. ஓவியர் பியேர் பொன்னார் 1893இல் பாரிசில் ஓர் இளம்பெண்ணைச் சந்தித்தார். தம் பெயர் மார்த் தெ மெலிஞி என்றும் வயது 16 என்றும் அந்தப் பெண் சொன்னார். உண்மையில் அவர் பெயர் மரியா பூர்சேன், வயது 24, செயற்கைப் பூக்கள் செய்யும் கடையில் வேலை. 1925இல் திருமணப் பதிவு நடந்தபோதுதான் உண்மைப் பெயர் பொன்னாருக்குத் தெரியவந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அதாவது 32 ஆண்டுகள் கழித்து. அதற்குள் அந்தப் பெண்ணின் உடலை அவர் நூற்றுக்கணக்கான முறை தீட்டியிருந்தார்: கட்டிலில், கண்ணாடி முன், குளியல் தொட்டியில்.

பொன்னாரின் முறை செசானுக்கு நேர் எதிர். அவர் மார்த்தை உட்காரவைத்துத் தீட்டவில்லை. வீட்டில் நடமாடும்போது சின்னக் குறிப்பேட்டில் கிறுக்கிக்கொண்டு, பிறகு நினைவிலிருந்து தீட்டினார். அதனால் மார்த்துக்கு வயதே ஆகவில்லை. தெற்கே லெ கான்னே ஊரில் வாங்கிய வீட்டில், நோயுற்று ஆளைச் சந்திக்கவே அஞ்சிய, 60 வயதைத் தாண்டிய பெண், படத்தில் இளம் உடலோடு தொட்டி நீரில் கிடக்கிறார். முகம் பெரும்பாலும் நிழலில் அல்லது திரும்பியிருக்கிறது. 1942 ஜனவரியில் மார்த் இறந்தார். 1941இல் தொடங்கிய குளியல் தொட்டிப் படம் ஒன்றைப் பொன்னார் 1946வரை தீட்டிக்கொண்டிருந்தார். தொட்டியில் அவர், தரையில் ஒரு சிறு நாய், சுவரெங்கும் பொன்னும் ஊதாவும். மார்த் உயில் எழுதாமல் இறந்ததால், பொன்னார் அவர் பெயரில் தாமே ஒன்றை எழுதினார். அது பின்னால் பெரிய வழக்கானது. அறியாத பெயரோடு வாழத் தொடங்கி, இறந்தபின் அவர் குரலில் தாமே பேசியதில் முடிந்த உறவு அது.

பொன்னாரின் படங்கள் எனக்கு மிகப் பிடிக்கும். அவற்றின் முன் நின்றால் அகல மனம் வராது. ஆனால் அங்கே நாம் காண்பது பொன்னாரின் நினைவை. மார்த் அதற்குள் கரைந்துவிட்டார். செசானின் படங்களில் ஒர்தான்ஸ் கரையவில்லை. கணவரின் ஏக்கம் எதுவும் அவர்மேல் பூசப்படவில்லை என்பதால்தான் அவர் இன்னும் தனியாக, தமக்கென்று ஒரு மனத்தோடு, நமக்குப் புலப்படாத எதையோ நினைத்தபடி அமர்ந்திருக்கிறார். ஓவியர் மத்தீஸ் 1913இல் தம் மனைவி அமேலியைத் தீட்டியபோது இதைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட அமர்வுகளுக்குப் பின் அந்த முகம் சாம்பல்நிற முகமூடியாகியது. அதைப் பார்த்து அமேலி அழுததாகச் சொல்வார்கள்.

கடந்த சில ஆண்டுகளில் ஒர்தான்ஸுக்கு நியாயம் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. ரூத் பட்லர் 2008இலும் சூசன் சிட்லாஸ்காஸ் 2009இலும் எழுதிய நூல்கள் பழைய வசைகளைக் கேள்விக்கு உட்படுத்தின. 2014 நவம்பரில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 29 படங்களில் 24ஐ ஒரே இடத்தில் கூட்டிக் காட்டியது. அந்த அருங்காட்சியகத்தில் படத்தலைப்பிலேயே இப்போது அவர் சொந்தப் பெயரும் பிறப்பு இறப்பு ஆண்டுகளும் சேர்ந்திருக்கின்றன: ஒர்தான்ஸ் ஃபிகே, 1850–1922.

அவர் எழுதியவற்றில் மிகச் சிலவே கிடைத்திருக்கின்றன. 1890 ஆகஸ்டில் ஷொக்கேயின் மனைவிக்கு எழுதிய கடிதம் அவற்றில் ஒன்று; சுவிட்சர்லாந்துப் பயணத்தையும் குடும்ப நடப்பையும் சொல்லும் இயல்பான, நட்பான எழுத்து. ஓவியங்களைப் பற்றி அவர் சொன்னதாகப் பிறர் வழியாக வந்த வாசகம் ஒன்றுண்டு: செசானுக்குத் தாம் என்ன செய்கிறோம் என்று தெரியாது, படத்தை முடிக்கத் தெரியாது, ரென்வாரும் மோனேயும்தான் தொழில் தெரிந்தவர்கள் என்பது அதன் பொருள். மேதையைப் புரிந்துகொள்ளாத மனைவி என்று காட்ட இதை எடுத்தாள்கிறார்கள். எனக்கு இது வேறுவிதமாகக் கேட்கிறது. செசானின் படங்கள் முடிவுறாதவை என்று அக்காலத்தில் எழுதியவர்கள் எல்லாரும் படத்தை வெளியிலிருந்து பார்த்தவர்கள். ஒர்தான்ஸ் 20 ஆண்டுகள் நாற்காலியில் இருந்து எதிர்ப்பக்கத்தைப் பார்த்தவர். தன் முகத்துக்கு முன்னால் ஒரு மனிதர் தயங்குவதை, வைத்த நிறத்தை அழிப்பதை, எழுந்து போவதை, மறுநாள் மறுபடி வருவதை அவரைவிட நெருக்கமாகப் பார்த்தவர் எவருமில்லை. கணவருக்கு முடிக்கத் தெரியவில்லை என்று அவர் சொன்னால், கண்ணால் கண்டவரின் சாட்சியமாகவே நாம் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.